வெர்லீன் அக்கா மஞ்சள் கடுதாசி கொடுத்த கதை

என் அக்கா வெர்லீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

சிரிக்காதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் அவள் வீடு கையை விட்டுப் போக இருந்தது. ஒரு கப் சர்க்கரை வாங்கினால் மறுநாள் காலையில் தலைதட்டாமல் அளந்து கொண்டுவந்து வாசலில் நிற்பாள். யாராவது பாத்திரத்தில் பண்டம் கொடுத்துவிட்டால் அந்தப் பாத்திரம் வெறுமனே திரும்பிப் போகாது. ஒரு தடவை பஸ்ஸில் இவளிடம் சில்லறை இல்லாமல் போக, யாரோ ஒரு அம்மா இவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாளாம். அந்த அம்மாவைத் தேடி அதே ஸ்டாப்பில் எத்தனையோ நாள் காத்து நின்று காசைக் கையில் திணித்த பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்கியது. நானோ நேர் எதிர். எனக்கு யார் கொடுக்க வேண்டும், நான் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றும் நினைவிருக்காது. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தோம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெர்லீன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நின்று, வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பாள். மெம்ஃபிஸ் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் எங்கள் பாஸ்டருக்குப் பயப்படாதவர்கள்கூட அவளுக்குப் பயப்படுவார்கள். ஜெபம் நடக்கும்போது யாராவது தாமதமாக வந்தால் அந்தக் கையுறை மெல்ல உயரும், அவ்வளவுதான், வந்தவர் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். நான் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறேன் தெரியுமா? சொந்தத் தங்கை என்று ஒரு தடவையாவது விட்டிருப்பாளா? அதெல்லாம் நடக்காது.

அவள் புருஷன் ஹோசியா அத்தான் சோஃபா, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் மாடிப்படியில் ஒரு ஃப்ரிட்ஜ் அவர் மேல் சாய்ந்துவிட்டது. முதுகு போனது. முதுகோடு வேலை போனது, வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. அதற்குப் பிறகு ஆபரேஷன். அத்தான் பிழைத்து எழுந்து நடக்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தபோது, மனுஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்ததாக அக்காவே சொன்னாள்.

மளிகைக்கு ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு, அதைக் கட்ட மூன்றாவது என்று வண்டி கொஞ்ச காலம் ஓடியது. பிறகு சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வசூல்காரர்களின் போன் வர ஆரம்பித்தது. அக்கா எடுத்தால் குரல் நடுங்கும். அதனால் அத்தான் எடுப்பார். "ஹோசியா செத்துப் போயிட்டாருங்க, நான் அவரோட ஆவி பேசுறேன்" என்பார். ஒருவன் அதற்கும் அசராமல், ஆவி மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார் மனுஷன். சிரிக்கத் தெரியாவிட்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

சிரிப்பு அடங்கியது ஜனவரியில். ஆஸ்பத்திரி கேஸ் போட்டு ஜெயித்துவிட்டது. இனிமேல் அக்காவின் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்வார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆபீஸில் கூப்பிட்டுச் சொன்னார்கள். வசந்த காலத்தில் பிடித்தம் ஆரம்பிக்கும். அப்படிப் பிடித்தால் வீட்டுத் தவணை கட்ட முடியாது. தவணை நின்றால் வீடு பாங்குக்குப் போய்விடும். சிவப்புச் செங்கல் வீடு, பெரியதொன்றும் இல்லை. மழை பெய்தால் பின்கட்டில் ஒரு மூலை ஒழுகும். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகச் சொந்த வீடு வாங்கியவள் வெர்லீன் அக்காதான். எங்கள் அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்த பிறகு சாப்பாட்டு மேஜையில் ஒரே பேச்சு. மஞ்சள் கடுதாசி கொடுப்பதா, வேண்டாமா? அக்காவின் மகள் ரொஷெல் பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவள். தூக்கக் கலக்கத்திலும் அவளுக்குத்தான் வீட்டில் புத்தி வேலை செய்யும். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றாள் அவள். அத்தான் முடியவே முடியாது என்றார்.

"நான் மஞ்சக் கடுதாசி குடுத்தேன்னு தெரிஞ்சா எங்கப்பா குழியில இருந்து எந்திரிச்சு வந்து செவுட்டுல அறைவாரு" என்றார்.

"தாத்தாவே ரெண்டு தரம் குடுத்திருக்காருப்பா" என்றாள் ரொஷெல். "ஒரு தரம் காருக்காக, ஒரு தரம் டிராக்டருக்காக. அவரை இதுல இழுக்காதீங்க."

அத்தான் மீனைத் தின்பதில் மும்முரமானார். வெர்லீன் அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அவள் பேசாமல் பாத்திரம் தேய்த்தால் உள்ளே என்னவோ ஓடுகிறது என்று அர்த்தம்.

கொடுக்கவே மாட்டேன் என்று சவால் விட்ட அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரனின் பிக்கப் வண்டியில் ஏற்றித் தன் பார்பிக்யூ அடுப்பை என் வீட்டுப் பின்புறத்தில் கொண்டுவந்து இறக்கினார். எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் பிளந்து அவரே செய்த அடுப்பு அது. கோர்ட்டுக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். நான் கேட்டபோது, சும்மா உன் வீட்டுப் பக்கம் காத்து நல்லா வருது ஒடெஸா, அதான் என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் மனசு பாதி சாய்ந்துவிட்டது என்று.

பிப்ரவரி வந்தது. சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரிப்பணத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுக்கும் மாதம். எங்கள் பக்கத்தில் எல்லோர் கையிலும் காசு புரளும் ஒரே மாதம். டயர் கடையில் கூட்டம், பல் டாக்டரிடம் கூட்டம், நான் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் சலூனில் உட்கார இடம் இருக்காது. ஒரு சனிக்கிழமை, ஒரு அம்மாவின் தலையைத் தொட்டியில் சாய்த்து அலசிக்கொண்டிருக்கிறேன், வெர்லீன் அக்கா வந்து நிற்கிறாள். கையில் கவர், அவளுக்குத் திரும்பி வந்த வரிப்பணம்.

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அவளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு டாலர் கொடுத்திருந்தேன். அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கொடுத்ததே எனக்குப் பாதி மறந்துவிட்டது. "மஞ்சக் கடுதாசி குடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்டீ" என்றாள், அந்தத் தொட்டி அம்மாவுக்குக் கேட்காதபடி. "அதுக்கு முன்னாடி, மூஞ்சி தெரிஞ்சவங்க கடனை அடைச்சிடணும். கார்டுக்காரன் மூஞ்சியை நான் பாத்ததில்ல. உன் மூஞ்சியை நான் தெனம் பாக்கணும்." நான் வேண்டாம் என்றேன். என் இரண்டு கையிலும் ஷாம்பூ நுரை. அவள் கவரை என் ஏப்ரன் பையில் செருகிவிட்டு விடுவிடு என்று போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேச்சுக்குத்தான் வேண்டாம் என்றேன். நுரை காய்வதற்குள் என் மனசில் கடையே திறந்தாகிவிட்டது. எத்தனை வருஷமாக இன்னொருத்தியின் சலூனில் ஒரு நாற்காலிக்கு வாரா வாரம் வாடகை கொடுத்துத் தொழில் பண்ணுகிறேன். லமார் அவென்யூவில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. முன்னே கண்ணாடி, பின்னே தண்ணீர் வசதி, வாசலில் இரண்டு கார் நிறுத்தலாம். திங்கட்கிழமையே போய் முன்பணம் கட்டிவிட்டேன். சுவருக்கு என்ன நிறம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். இளம் மஞ்சள்.

அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கப் போனோம். அத்தானால் அதிக நேரம் வண்டி ஓட்ட முடியாது, நான்தான் ஓட்டினேன். வக்கீல் கில்லியம் ஆபீஸ் ஒரு கோழி விங்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் தேன் சாஸ் வாசனை. அவர் மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். எங்கள் பக்கத்து ஜனத்தில் பாதியைக் கரையேற்றிய மனுஷன் அவர். ஏழு வேண்டுமா பதின்மூன்று வேண்டுமா என்று கேட்டார், ஏதோ பஸ் நம்பர் கேட்கிற மாதிரி. இரண்டும் திவால் சட்டத்தில் அத்தியாய எண்களாம். பதின்மூன்று என்றால் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஏழு என்றால் இருப்பதைக் காட்டிவிட்டு, சில மாதத்தில் கடனுக்கெல்லாம் முழுக்குப் போட்டுவிடலாம். உங்கள் சம்பளத்துக்கு ஏழு போதும், வீட்டுத் தவணை ஒழுங்காகக் கட்டினால் வீட்டுக்கு ஆபத்தில்லை, கேஸ் போட்ட அன்றே சம்பளப் பிடித்தம் நின்றுவிடும் என்றார். அக்காவின் தோள் இரண்டும் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

பிறகு கேள்விகள். எதையாவது யாருக்காவது கொடுத்தீர்களா, எங்கேயாவது ஒளித்தீர்களா என்று கேட்டார். அத்தான் கூரையைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். கடைசியில் அடுப்பு விஷயம் வெளியே வந்தது.

"அதைத் திருப்பி உங்க வீட்டுக்குக் கொண்டு போங்க சார், எழுத்துல காட்டணும்" என்றார் வக்கீல். "துருப்பிடிச்ச டிரம்முதானே? நாப்பது டாலர்னு போட்டுக்கலாம்."

"நாப்பதா?" அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதுல சுட்ட விலா எலும்பைத் தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

வக்கீல் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இந்த ஒரு வருஷத்தில் சொந்தக்காரர்கள் யாருக்காவது பணம் திருப்பிக் கொடுத்தீர்களா என்றார். வெர்லீன் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட முகம்.

"ஆமாங்கய்யா. என் தங்கச்சிக்கு முழுசா அடைச்சிட்டேன். ஒரு சல்லிக்காசு பாக்கி இல்ல."

பாராட்டுவார் என்று நினைத்தாள் பாவம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். திவாலாகப் போகிறவள், கடன் கொடுத்த எல்லோரையும் ஒன்றுபோல நடத்த வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்கு நாமம் போட்டுவிட்டுத் தங்கைக்கு மட்டும் முழுசாகக் கொடுத்தால் அது ஓரவஞ்சனை. சொந்தக்காரருக்குக் கொடுத்தது ஒரு வருஷத்துக்குள் என்றால், திவால் கணக்கைப் பார்க்கக் கோர்ட் நியமிக்கும் டிரஸ்டி நேராகத் தங்கை வீட்டுக்கே கடிதம் போட்டு அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கலாம். கொடுக்காவிட்டால் தங்கை மேல் கேஸ் போடலாம். அதாவது என் மேல்.

"அப்ப ஒரு வருஷம் பொறுத்துக் குடுத்தா?" என்று கேட்டாள் அக்கா.

"பொறுக்கலாம். அதுவரைக்கும் உங்க சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. வீட்டுத் தவணை கட்டிடுவீங்களா?"

கட்ட முடியாது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வக்கீல் நல்ல மனுஷன், இன்னொரு வழியும் சொன்னார். தங்கை அந்தப் பணத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டால் தகராறே இல்லை. அதில் வக்கீல் ஃபீஸையும் கோர்ட் செலவையும் கட்டலாம், மிச்சம் வீட்டுத் தவணைக்கு ஆகும். ஆனால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் காட்ட வேண்டும், தங்கையும் கடன் கொடுத்த மற்றவர்களோடு ஒருத்தியாகப் பட்டியலில் வருவாள், அந்தக் கடனும் மற்றதோடு சேர்ந்து முழுகிப் போகும் என்றார்.

வெர்லீன் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அப்ப வேண்டாங்கய்யா. வீடு போனாப் போவுது. என் தங்கச்சியை ஏமாத்தி நான் வீட்டைக் காப்பாத்த மாட்டேன்."

வண்டியில் திரும்பி வரும்போது அத்தான் பின் சீட்டில் விங்ஸ் தின்றுகொண்டு வந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் பசிக்கும்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, யாரிடம் சொல்வது? கேட்டேனா நான் இந்தப் பணத்தை? கேட்காத பணத்தைக் கொண்டுவந்து பையில் திணித்தாள். திணித்ததை நான் கடையில் போட்டேன். இப்போது நான் கடையைத் திறந்தால் அவள் வீடு போகும். நல்லவளாக இருக்கிறவள் தான் மட்டும் நல்லவளாக இருக்கக் கூடாதா, பக்கத்தில் இருக்கிறவர்களையும் ஏன் இழுத்துப் போட வேண்டும்? அன்று சலூனில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பின்னல் போட்டேன். பாவம், என் கோபமெல்லாம் அவள் மண்டையில் இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. மன்னிப்புக் கேட்டு அடுத்த தடவை பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

மூன்று நாள் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று ரொஷெலைக் கேட்டேன். இல்லை சித்தி என்றாள். நான்காம் நாள் லமார் அவென்யூ போனேன். கடையின் சொந்தக்காரர் முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். அந்தக் குறைச்சலை என் கைக்காசு போட்டு நிரப்பினேன். அப்புறம் காரில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்து நன்றாக அழுதேன். எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். ஆசைப்பட்டதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பொரித்த கெண்டை, ஸ்பகெட்டி, கீரை. அத்தான் ஜெபம் சொல்லி முடித்தார். நான் கவரை எடுத்து மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெர்லீன் அக்காவுக்குக் கவரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஸ்பகெட்டியைப் பரிமாறினாளே தவிர அந்தப் பக்கம் கையே போகவில்லை. கவரைச் சுற்றிச் சுற்றித் தட்டுகள் போய் வந்தன. மிளகாய் சாஸ் பாட்டிலை எடுக்கக்கூட அத்தான் கையை வளைத்து எடுத்தார்.

கடைசியில் அத்தான்தான் பேசினார். இவ்வளவு நாள் முடியாது முடியாது என்று இருந்தவர். இந்த முதுகை வைத்துக்கொண்டு இன்னொரு வீடு வாங்க என்னால் முடியாது, வெர்லீன், இருக்கிற வீட்டில் என்னைச் சாக விடு என்றார். அவர் தமாஷ் பண்ணாமல் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

அக்கா முள்ளை ஓரமாக ஒதுக்கினாள். "ஊர்ல எவன் பேரை வேணாலும் பட்டியல்ல போடச் சொல்லு, போடுறேன். இவ பேரை எப்படிப் போடுவேன்? நான் ஏமாத்துனவங்க பேரோட பேரா?"

"எல்லாருக்கும் முன்னாடி போடு" என்றேன் நான். "மொத பேரா போடு. பத்தாவதா போட்டா எனக்குக் கோவம் வரும்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடிப் போகாது. வீடு போயிடும்."

இது பொய். கடை அந்த வாரமே இன்னொருவனுக்குப் போய்விட்டது, போன் விற்கிறவனுக்கு. ஆனால் சாப்பாட்டு மேஜையில் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? ரொஷெல் கவரை எடுத்து அம்மாவின் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அக்கா தடுக்கவில்லை. கீரை இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். எனக்கு வயிற்றில் இடமில்லை, ஆனாலும் போடு என்றேன்.

வக்கீல் கேஸ் போட்டார், பிடித்தம் ஆரம்பிக்கும் முன்பே நின்றது. ஆனால் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. கடன் கொடுத்தவர்களின் கூட்டம் என்று அதற்குப் பெயர். டவுனில் ஒரு கட்டடத்தில், கடன்பட்டவர் சத்தியம் செய்துவிட்டு உட்கார வேண்டும். கடன் கொடுத்தவர்கள் வந்து என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லோருக்கும் கடிதம் போகும். எனக்கும் வந்தது.

அந்தக் கூட்டத்தின் பெயரைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்காரன் வருவான், மூன்று கார்டுக்காரனும் வருவான், போனில் கத்தினவன் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து விரலை நீட்டுவான் என்று நினைத்துக்கொண்டாள். என்ன பதில் சொல்வது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். உங்கள் பணத்தில் நாங்கள் கூத்தடிக்கவில்லை, என் புருஷனின் முதுகுக்கும் வீட்டு மளிகைக்கும்தான் செலவழித்தோம், என்னை மன்னியுங்கள் என்று சொல்லப் போகிறாளாம். அப்படியெல்லாம் யாரும் வர மாட்டார்கள் அம்மா என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை. கொடுத்தவன் கேட்க வராமல் இருப்பானா?

அன்று அவள் ஈஸ்டருக்குப் போடும் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தை மறைக்கத்தான். கதவைத் திறந்து உள்ளே போனால் நீதிபதியும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு மேஜை, பேச்சைப் பதிவு செய்யும் கருவி, கண்ணாடி போட்ட டிரஸ்டி. நாற்காலி வரிசைகளில் எங்களைப் போலவே குடும்பம் குடும்பமாக ஜனம். இரண்டாவது வரிசையில் யார்? எங்கள் சர்ச்சில் காணிக்கைத் தட்டு பிடிக்கும் டீக்கன், பெண்சாதியோடு. அவர் எங்களைப் பார்த்ததும் சுவரில் இருந்த கடிகாரத்தை ஆராய ஆரம்பித்தார். அவர் பெண்சாதிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. தொப்பி நல்லாயிருக்கு வெர்லீன் என்றாள். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தான் டீக்கன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏழா பதின்மூணா என்று விசாரித்தார்.

ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள். சத்தியம், சில கேள்வி, கடன் கொடுத்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல், மௌனம், அடுத்தது. யாரைத் தேடியும் கடன் கொடுத்த ஒருவனும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பெயரையும் அத்தான் பெயரையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். வேலை, வீடு, கார், அடுப்பு எல்லாம் கேட்டார் டிரஸ்டி. அக்கா ஒவ்வொன்றுக்கும் எண்ணி எண்ணிப் பதில் சொன்னாள். பிறகு அவர் தலையைத் தூக்காமலே, கடன் கொடுத்தவர் யாராவது இருக்கிறீர்களா என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

வக்கீல் கில்லியத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டிரஸ்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாரம்மா நீங்க என்றார். என் பெயர் ஒடெஸா, இவங்களுக்குப் பணம் கொடுத்தவள், இவள் தங்கையும் கூட என்றேன். கேள்வி ஏதாவது உண்டா என்றார். ஒண்ணே ஒண்ணு என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே அந்த முகம் வெளிறிவிட்டது. நானும் கேட்க வந்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தே விட்டாள்.

"அக்கா, நீ சத்தியம் பண்ணியிருக்க. பொய் சொல்லக் கூடாது. இந்தப் பணத்தை நான் எப்பவாவது உங்கிட்டத் திருப்பிக் கேட்டனா?"

வேறு இடமாக இருந்தால், நீ கேட்காவிட்டால் என்ன, கொடுக்க வேண்டியது என் கடமை என்று ஒரு பிரசங்கமே வைத்திருப்பாள். இங்கே கேட்ட கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது.

"இல்ல" என்றாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, பதிவாகணும்" என்றார் டிரஸ்டி.

"இல்ல. ஒரு தரங்கூடக் கேக்கல."

"அவ்வளவுதாங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டிரஸ்டி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் கூட்டம் முடிந்தது என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் முதலில் என்னிடம் வரவில்லை. வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முழுகிப் போன பிறகு நானாக விரும்பி என் தங்கைக்குக் கொடுத்தால் சட்டம் தடுக்குமா என்று கேட்டாள். தடுக்காது அம்மா, அது உங்கள் இஷ்டம் என்றார் அவர். நான் தடுப்பேன் என்றேன். கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள், அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. அத்தான் அதை நேராக்கி வைத்தார்.

"மூணு வருசமா அவனுங்களுக்குப் பயந்து செத்தேன்டீ" என்றாள். "ஒருத்தன் வரல பாத்தியா? அத்தனை பேர்ல நீ ஒருத்திதான் வந்த."

"கடுதாசி வந்துச்சே, வராம இருப்பனா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரைக்கும் விடவில்லை.